கார் பித்தர்கள் செய்யும் தவறுகள், என்னுடையவற்றையும் சேர்த்து

கார் மேல் பித்துப் பிடித்தவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் முதல் கேள்வி "இப்ப என்ன வண்டி வச்சிருக்கீங்க?" என்பதுதான். அடுத்தது "எத்தனை எச்பி?", அதாவது எஞ்சினுக்கு எத்தனை குதிரைத்திறன். மூன்றாவதாக "கடைசியா எப்ப ஓட்டினீங்க?" என்று யாராவது கேட்டால் பாதிப் பேர் முகம் மாறிவிடும். வண்டி கவர் போட்டு நிற்கும், போனில் முந்நூறு படம் இருக்கும், பேட்டரி மட்டும் செத்திருக்கும். நானும் அந்தப் பாதியில் இருந்தவன்தான். நம் ஆட்கள் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன: ஓட்டுவதற்கு வாங்கியதை ஓட்டாமல், காட்டுவதற்காக வைத்துக்கொள்வது.

வாங்கும்போதே இது தொடங்கிவிடுகிறது. காகிதத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குகிறோம். ஐந்நூறு எச்பி வண்டியில் இரண்டாவது கியரைக் கடப்பதற்குள் பெரும்பாலான சாலைகளின் வேக வரம்பு முடிந்துவிடும். மீதி நாலு கியரும் எதற்கு? மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று ஒரு சின்ன திறந்த கார், 1989-இல் வந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 115 எச்பி, எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. எண்களை வைத்துப் பார்த்தால் பேசவே தேவையில்லாத வண்டி. ஆனால் 2016-இல் பத்து லட்சமாவது வண்டியைத் தயாரித்தார்கள், வைத்திருப்பவர்கள் இன்றும் விடாமல் அதைப் பற்றியே பேசுகிறார்கள். சாதாரண சாலையில், சாதாரண வேகத்தில், அதனிடம் இருப்பதை எல்லாம் பயன்படுத்திவிட முடியும் என்பதுதான் விஷயம். பெரிய வண்டியை அதன் திறமையில் கால்வாசிக்கு ஓட்டுவதைவிடச் சின்ன வண்டியை முழுசாக ஓட்டுவதில்தான் ருசி அதிகம் என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும்.

2012-இல் வந்த டொயோட்டா 86-இன் கதை இதைவிட வேடிக்கை. பல நாடுகளில் அதற்குப் போட்டு அனுப்பியது 215 மில்லிமீட்டர் அகலமுள்ள சாதாரண டயர், பிரியஸ் காரில் வருகிற ரகம். ஸ்போர்ட்ஸ் காருக்கு இப்படி ஒரு டயரா என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அது வேண்டுமென்றே செய்தது. பிடிமானம் கொஞ்சம் குறைவாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே வண்டியின் பின்பக்கம் நழுவத் தொடங்கும், ஓட்டுகிறவருக்கு அது கையிலும் இடுப்பிலும் தெரியும். வாங்கிய முதல் மாதமே அகல டயரை மாட்டிவிட்டு, அப்புறம் "எஞ்சினில் வேகம் பத்தல" என்று குறைபட்டுக்கொண்டால் அது யார் தப்பு?

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய உயர்ரக ஜெர்மன் கார், புதுசாக ஒரு சின்ன கார் வாங்குகிற விலைக்குக் கிடைக்கிறதே என்று மயங்குவது. வண்டியின் விலைதான் இறங்கியிருக்கும், அதன் பாகங்களின் விலை இறங்காது. யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். வாங்குவதற்கு முன் அந்தக் குறிப்பிட்ட மாடலை வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாதக தோஷம் இருக்கும். பிஎம்டபிள்யூ இ46 எம்3 அருமையான கார், ஆனால் பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டமான சப்ஃப்ரேம் பொருந்தும் இடத்தில் அடித்தகடு விரிசல் விடும். மேலே இருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும், லிஃப்டில் ஏற்றிக் கீழே பார்த்தால்தான் தெரியும். "இந்த வண்டியில் எது முதலில் போகும்?" என்று கேட்டால் பழைய ஓனர் ஒரு மணி நேரம் பேசுவார். விற்கிறவர் பேசமாட்டார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். வாங்கிய மூன்றாவது வாரம் வண்டிக்கு இரண்டு இஞ்ச் பெரிய அலாய் வீல் போட்டேன். பார்க்க என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 90 கிமீ வேகத்தைத் தொட்டாலே ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. பேலன்ஸிங் பார்த்தேன், அலைன்மென்ட் பார்த்தேன், மறுபடியும் பேலன்ஸிங். இரண்டு மாதம் கழித்து ஒரு வயதான மெக்கானிக் வீலைக் கழற்றி நடுத் துளையில் விரலை விட்டுக் காட்டினார். வீல் உட்காரும் நடுக்குமிழான ஹப்பைவிட வீலின் நடுத் துளை பெரிசு. வீல் ஹப் மேல் உட்காராமல் போல்ட்டுகளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம் போட்டதும் நடுக்கம் நின்றது. வீல் வாங்கும்போது எல்லோரும் போல்ட் எண்ணிக்கையையும் இடைவெளியையும் பார்க்கிறோம், அந்த நடுத் துளையையும் வீல் உள்ளே வெளியே எவ்வளவு தள்ளி நிற்கும் என்கிற ஆஃப்செட்டையும் விட்டுவிடுகிறோம். நட்டின் அடிப்பக்கம் கூம்பு வடிவமா, உருண்டையா என்பதும் வீலோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் ஓட ஓடத் தளரும்.

நடுக்கம் போனாலும் எடை போகவில்லை. வீல், டயர், பிரேக் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை. அங்கே கூடுகிற ஒவ்வொரு கிலோவையும் பள்ளம் மேட்டில் சஸ்பென்ஷன்தான் அடக்கியாக வேண்டும். வண்டி மந்தமானது, குழியில் விழும்போதெல்லாம் முதுகெலும்பில் தெரிந்தது. டயரின் மொத்த விட்டமும் மாறியிருந்ததால் ஸ்பீடாமீட்டர் பொய் சொன்னது, அதைக்கூட மெதுவாகத்தான் கவனித்தேன். இதைவிட மோசம் ஸ்பிரிங்கை அறுத்து வண்டியைத் தாழ்த்துவது. அதைப் பற்றி எழுத எனக்கு ஒரு வரிதான் இருக்கிறது: செய்யாதீர்கள்.

மாற்றங்கள் செய்வதே தப்பு என்று சொல்லவில்லை. வரிசைதான் தப்பாகப் போகிறது. முதலில் சத்தம், அப்புறம் அழகு, அப்புறம் வேகம், கடைசியில் என்றாவது ஒருநாள் பிரேக். இதை அப்படியே தலைகீழாக்கினால் சரியாக இருக்கும். நல்ல டயர், புது பிரேக் ஆயில், நல்ல பிரேக் பேட், தேய்ந்துபோன ஷாக் அப்சார்பரையும் சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷையும் மாற்றுவது, இவ்வளவு செய்தாலே பழைய வண்டி புது வண்டி மாதிரி ஆகிவிடும். படம் பிடித்துக் காட்ட இதில் எதுவும் இல்லை, அதனால்தான் யாரும் செய்வதில்லை என்று நினைக்கிறேன்.

அந்த பிரேக் ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டாட் 3, டாட் 4 வகைத் திரவங்கள் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அதில் நாலு சதவீதத்துக்கும் குறைவாகத் தண்ணீர் சேர்ந்தாலே அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். மலையிறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்துக்கொண்டு வரும்போது பேடை அழுத்தும் காலிப்பர் சூடாகி, உள்ளே திரவம் கொதித்து ஆவியாகிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் பெடல் மெத்தென்று தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. "என் வண்டி வருஷத்துக்கு ஆயிரம் கிமீதான் ஓடுது, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பவர்கள் கவனிக்க: ஈரம் ஓடோமீட்டரைப் பார்த்து உள்ளே போவதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

டயருக்கும் இதே கதைதான். தரையில் படும் பட்டனில் கோடு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நாலு எண் இருக்கும். 3518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் தயாரானது. மூன்று எண்தான் இருக்கிறதென்றால் அந்த டயர் 2000-க்கு முந்தையது, ஓட்டாதீர்கள், அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், எப்படியிருந்தாலும் பத்து வருடத்தில் தூக்கிப்போட வேண்டும் என்று டயர் நிறுவனங்களே சொல்கின்றன. 2013 நவம்பரில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தை நம்மில் பலரும் மறந்திருக்க மாட்டோம். அவர் பயணித்த போர்ஷே கரேரா ஜிடி மணிக்கு ஏறக்குறைய 130 முதல் 150 கிமீ வேகத்தில் போனதுதான் காரணம் என்று விசாரணையில் முடிவானது. அதோடு அந்த டயர்களுக்கு ஒன்பது வயது என்பதும், வண்டியின் கையாளுமை அதனால் கெட்டிருக்கலாம் என்பதும் அதே விசாரணையில் வந்தது. அதிகம் ஓடாத ஆசை வண்டிகளில்தான் டயர் தேயாமல் கிழடாகிறது, தினமும் ஓடுகிற வண்டியில் அதற்குமுன் தேய்ந்தே போய்விடும்.

எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று நேரம் தவறாமல் இயங்க வைக்கிற டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். "ஓடியதே முப்பதாயிரம் கிமீ" என்று பெருமையாகச் சொல்லி விற்கப்படும் இருபது வயது வண்டியில் ரப்பர் பெல்ட்டுக்கும் இருபது வயது. அது அறுந்தால் பெரும்பாலான எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், எஞ்சின் முடிந்தது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 போலச் சில எஞ்சின்கள் மட்டும் இடிக்காமல் வெறுமனே நின்றுபோகும். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் இந்த வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துகிற பழக்கம். வண்டிக்கு நல்லது செய்வதாக நினைத்து நானும் வருடக்கணக்கில் செய்திருக்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும், நம்பக் கஷ்டமாக இருந்தாலும் பள்ளிக்கூட வேதியியல்தான். வண்டி நன்றாகச் சூடாகி ஓடினால் அது ஆவியாக வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் சைலன்சருக்குள்ளேயே தேங்கித் துருப்பிடிக்கும், எஞ்சின் ஆயிலிலும் ஈரமும் பெட்ரோலும் கலக்கும். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 போன்ற, பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின் வண்டிகளில் இன்னும் மோசம், ஆறிய வண்டியை ஸ்டார்ட் பண்ணி நாலடி நகர்த்தி உடனே நிறுத்தினால் உள்ளே பெட்ரோல் நிறைந்து அடுத்த முறை கிளம்பவே கிளம்பாது. ஒன்று, வெளியே எடுத்து அரைமணி நேரமாவது ஒழுங்காக ஓட்டுங்கள். இல்லையென்றால் தொடவே தொடாமல் பேட்டரி இறங்காமல் மெல்ல சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும் மெயின்டெய்னர் சார்ஜரை மாட்டிவிடுங்கள். நிறுத்திய வண்டியில் அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதம் தாண்டியதும் காலி. நீண்ட நாள் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், பேட் ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுப்பது பெரிய வேலை.

ஸ்டார்ட் ஆனதும் பானெட்டைத் திறந்துவைத்து நண்பர்களுக்காக ரேஸ் பண்ணிக் காட்டுவது இன்னொரு கொடுமை. டேஷ்போர்டில் சூடு காட்டும் ஊசி நடுவுக்கு வந்துவிட்டால் எஞ்சின் தயார் என்று அர்த்தம் இல்லை, அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூட்டைத்தான் காட்டுகிறது. ஆயில் சூடாக இன்னும் சில கிமீ ஓட வேண்டும். மேலே சொன்ன இ46 எம்3-யில் இதற்கென்றே ஆர்பிஎம் மீட்டரைச் சுற்றி விளக்குகள் வைத்திருந்தார்கள், ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணைந்து எஞ்சினை எவ்வளவு சுழற்றலாம் என்கிற வரம்பு மேலே போகும். மற்ற வண்டிகளில் அந்த விளக்கு இல்லை, நம் பொறுமைதான் விளக்கு.

கார் கூட்டம் முடிந்து கிளம்பும்போது நடக்கும் கூத்தைத் தனியாக எழுதலாம். பின்சக்கர இழுவை, ஆறிப்போன டயர், சுற்றிலும் போனைத் தூக்கிப் பிடித்த கூட்டம், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க ஓட்டுகிறவரின் கால் துறுதுறுக்கும். நேராகக் கூட்டத்துக்குள் போய் மோதிய வண்டிகளின் வீடியோக்களுக்குக் கணக்கில்லை. காட்டவேண்டுமென்றால் நிறுத்திவைத்துக் காட்டுங்கள்.

படம் போடுவதிலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம்பர் பிளேட், வீட்டு வாசல், பின்னால் தெருப்பெயர் என்று எல்லாம் ஒரே படத்தில் இருந்தால் திருடனுக்கு வேலை மிச்சம். சாவி இல்லாமல் பட்டனில் கிளம்பும் வண்டிகளில் வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை வெளியே நின்று நீட்டித்து வண்டியை எடுத்துப்போகிறார்கள், சாவியை உலோகப் பெட்டியிலோ சிக்னல் தடுக்கும் பையிலோ போட்டு வையுங்கள். ஸ்பீடாமீட்டரைக் காட்டி வேக வீடியோ போடுகிறவர்களுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை, தனக்கு எதிரான சாட்சியைத் தானே தயாரித்துக் கொடுக்கிறார்கள். மாற்றங்கள் செய்ததை இன்சூரன்ஸுக்குத் தெரிவிக்காமல் படத்தில் மட்டும் பெருமையாக எழுதுவதும் அதே ரகம்.

வீட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒன்று: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் போட்டு, வண்டியை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

என் பெரிய வீல்களைக் கழற்றிப் பழைய வீல்களையே மாட்டி நாளாகிவிட்டது, வண்டி மறுபடியும் துள்ளுகிறது. அவற்றை டயரோடு சேர்த்து விற்கலாம் என்று போன மாதம் துடைத்துப் படம் எடுக்க உட்கார்ந்தேன். ஒரு பழக்கத்தில் டயரைத் திருப்பி அந்த நாலு எண்ணைப் பார்த்தேன். ரிம் மட்டும்தான் விற்பனைக்கு.