குட்டி யானையா, பெரிய பிக்கப்பா? கடலூர், புதுச்சேரிக்காரர்கள் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். யூடியூபில் "மிட்சைஸ் பிக்கப், ஃபுல்சைஸ் பிக்கப்" என்று தேடினால் வருவதெல்லாம் அமெரிக்க வண்டிகள். அங்கே டொயோட்டா டகோமா மிட்சைஸ், ஃபோர்டு எஃப்-150 ஃபுல்சைஸ். நம் ஊரில் கம்பீரமாகத் தெரியும் ஹைலக்ஸ்கூட அந்தக் கணக்கில் மிட்சைஸ்தான். சரக்கு ஏற்றிப் பிழைக்கிறவருக்கு அந்த வீடியோக்கள் உதவாது. நமக்கு முன்னால் இருக்கும் கேள்வி வேறு: டாடா ஏஸ், ஜீத்தோ, சூப்பர் கேரி மாதிரி முக்கால் டன் வண்டியா, அல்லது பொலேரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா மாதிரி ஒரு டன்னுக்கு மேல் இழுக்கும் வண்டியா?

2005-ல் ஏஸ் வந்ததிலிருந்து நம் பக்கம் சின்ன வண்டி எதுவானாலும் குட்டி யானைதான். இந்தப் பதிவிலும் அப்படியே சொல்கிறேன்.

படி 1: முப்பது நாள் நோட்டு

ஷோரூமுக்குப் போகாதீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முப்பது நாளைக்குத் தினமும் நான்கு விஷயம் எழுதுங்கள்: என்ன சரக்கு, எத்தனை கிலோ, எங்கிருந்து எங்கே, எத்தனை நடை. இதற்கு ஆப் எதுவும் வேண்டாம். வாடகை வண்டியின் டிரைவர் சீட்டில் கிடக்கும் நோட்டில்தான் யாராவது எழுதுவார்கள். போனில் எழுதுவது மூன்றாம் நாளே நின்றுவிடும்.

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஐம்பது கிலோ வரை காட்டும் டிஜிட்டல் தொங்கு தராசு ஒன்று போதும். ஒரு பெட்டி, ஒரு மூட்டை, ஒரு கேன் நிறுத்து எண்ணிக்கையால் பெருக்குங்கள். சில எடைகள் தெரிந்ததே: சிமென்ட் மூட்டை 50 கிலோ, நெல் கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ, 20 லிட்டர் தண்ணீர் கேன் கேனோடு சேர்த்து 21 கிலோ. காய்ந்த மணல் ஒரு கன அடி ஏறத்தாழ 45 கிலோ. நனைந்தால் இன்னும் ஏறும். மீன் பெட்டியை ஐஸோடு சேர்த்து நிறுங்கள். துறைமுகத்தில் மீன் எடையை மட்டும் எழுதிக்கொண்டு ஐஸை விட்டுவிடுவது வழக்கம். கணக்கு அங்கேயே தப்பிவிடும்.

படி 2: உண்மையான பேலோடு. இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்

விளம்பரத்தில் "750 கிலோ பேலோடு" என்று போட்டிருக்கும். உங்கள் வண்டியில் நீங்கள் 750 கிலோ ஏற்ற முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

பேலோடு என்பது ஜி.வி.டபிள்யூ-விலிருந்து, அதாவது வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையிலிருந்து, காலி வண்டியின் எடையைக் கழித்தால் வருவது. அந்தக் காலி எடை கம்பெனி வாசலில் நிற்கும் வண்டியின் எடை. டிரைவரும் பக்கத்தில் உட்காரும் ஆளும் அதில் இல்லை. தார்ப்பாய்க்கு நீங்கள் அடிக்கும் இரும்புக் கூண்டு இல்லை. பக்கப் பலகையை உயர்த்திப் போடும் கம்பியும், ஸ்டெப்னிக்கு மேலே கட்டும் கயிறு, தார்ப்பாய் எதுவும் இல்லை.

கழித்துப் பாருங்கள். இரண்டு ஆள் 140 கிலோ. கூண்டும் மற்றதும் 70 கிலோ. 750-ல் 210 போனால் மீதம் 540. அதுதான் உங்கள் வண்டி. 1.7 டன் வண்டிக்கு அதே ஆட்கள் 140, கூண்டு பெரிது என்பதால் 120 என்று வைத்தால் மீதம் 1,440.

இப்போது தண்ணீர் கேனை வைத்துப் பாருங்கள். குட்டி யானையின் தளம் சுமார் 7 அடி 2 அங்குல நீளம், 5 அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். கேனை ஒரே அடுக்காக நிற்க வைத்தால் எட்டுக்கு ஐந்து, நாற்பது கேன் உட்காரும். நாற்பது கேன் 840 கிலோ! தளத்தில் ஒரே அடுக்கு, பார்க்கப் பாதி வண்டி காலி, ஆனால் எடை 300 கிலோ கூடுதல். 540 கிலோவுக்கு 25 கேன்தான் கணக்கு. 9 அடி தளமுள்ள பெரிய பிக்கப்பில் ஒரே அடுக்கில் அறுபது கேன் நிற்கும், 1,260 கிலோ, எல்லைக்குள்தான். கேன் வியாபாரத்துக்குக் குட்டி யானை போதும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

பலாப்பழம், கீரைக்கட்டு, பிஸ்கட் அட்டைப்பெட்டி, மெத்தை, தெர்மாகோல் என்றால் கதை தலைகீழ். இடம் நிறைந்துவிடும், எடை வராது. அப்போது பேலோடு பற்றிக் கவலை இல்லை. டேப்பை எடுத்துத் தளத்தின் நீளம், அகலம், கூண்டின் உயரம் மூன்றையும் அளந்து வாருங்கள். துணி டேப் வேண்டாம், ஸ்டீல் டேப். தளத்தின் உள் அளவை எடுங்கள். விவரத்தாளில் சக்கர மேடு இருப்பது தெரியாது.

சவுக்குக் கட்டை ஏற்றுபவர்களுக்கு: இரண்டு வண்டியும் உங்களுக்கானது அல்ல. பின்னால் நீட்டிக்கொண்டு போனால் மோட்டார் வாகனச் சட்டம் 194-ன் கீழ் 20,000 ரூபாய் அபராதம். எடை கூடினாலும் அதே 20,000, கூடவே அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பிரேக். 300 கிலோ கூடுதலோடு தினமும் ஓடும் சின்ன வண்டியில் முதலில் பின் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) தாய்ப்பட்டை உடையும், அடுத்து வீல் பேரிங், டயரின் பக்கச் சுவர். பிரேக் லைனிங் சூடாகிப் பிடி தளர்வது மட்டும் முன்னறிவிப்பே இல்லாமல் வரும். தயவுசெய்து இதில் சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

படி 3: 3,000 கிலோ கோடு

நம் ஊருக்கு இது மற்ற இடங்களைவிட முக்கியம். மோட்டார் வாகனச் சட்டம் 66(3)-ன்படி, மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. அதைத் தாண்டினால் தேவை. ஒரு மாநிலத்துப் பெர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்ல மேலொப்பமோ நேஷனல் பெர்மிட்டோ வேண்டும்.

திருச்சிக்காரருக்கு இது பெரிய விஷயமில்லை. நமக்கு? கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு. பாகூர், திருக்கனூர் பக்கம் லோடு எடுத்தால் ஒரே நடையில் எல்லையை இரண்டு மூன்று முறை தாண்ட வேண்டியிருக்கும். ஆக, ஜி.வி.டபிள்யூ 2,990 ஆ, 3,490 ஆ என்பது உங்கள் அன்றாடத்தையே மாற்றும்.

குட்டி யானைகள் எல்லாம் இந்தக் கோட்டுக்குக் கீழே. பெரிய பிக்கப்பில் 1.3, 1.5 டன் வகைகள் பல கோட்டுக்குள் நிற்கும். 1.7 டன் வகையில் காலி வண்டியே ஒன்றரை டன்னுக்கு மேல் என்பதால் கோட்டைத் தாண்டிவிடும். பேலோடு எண்ணை நம்பாமல், விற்பனையாளரிடம் "ஆர்.சி.யில் லேடன் வெயிட் (அனுமதித்த மொத்த எடை) எவ்வளவு வரும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 1.7 டன் தேவையே இல்லாமல் வாங்கிவிட்டுப் பெர்மிட்டுக்கு அலைவதைவிட, 1.3 டன் வகையோடு நிற்பதே என் பரிந்துரை.

பின்சேர்க்கை: இதே பகுதி பற்றி வந்த இரண்டு சந்தேகங்களுக்குப் பதில். ஒன்று, பெர்மிட் வேறு, சாலை வரி வேறு. பெர்மிட் விலக்கு இருப்பதால் அடுத்த மாநில வரியும் விலக்கு என்று ஆகாது. எந்தப் பக்கம் அதிகம் ஓடுகிறீர்களோ அந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பி.ஒய். நம்பர் எடுத்துக் கடலூரிலேயே நிறுத்தி ஓட்டினால், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் போனால் டி.என். நம்பருக்கு மாற்றியாக வேண்டும். இரண்டு, லைசென்ஸ்: 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. இரண்டு வண்டிக்கும் இது பொருந்தும்.

படி 4: நடைக் கணக்கு

கடலூர் துறைமுகத்திலிருந்து புதுச்சேரி மார்க்கெட் போய்வர 50 கிலோமீட்டர் என்று வைப்போம். டீசல் கணக்குக்கு 90 ரூபாய். குட்டி யானை லோடோடு லிட்டருக்கு 17, பெரிய வண்டி 12.

குட்டி யானைக்கு ஒரு நடை 265 ரூபாய். பெரிய வண்டிக்கு 375. லோடு 540 கிலோவுக்குள் இருக்கும் நாளில் சின்ன வண்டி 110 ரூபாய் மிச்சப்படுத்தும். லோடு ஒரு டன்னாக இருக்கும் நாளில் சின்ன வண்டி இரண்டு நடை, 530 ரூபாய். பெரிய வண்டி 155 ரூபாய் மிச்சம்.

விலை வித்தியாசம் மூன்றரை லட்சம், வட்டி பத்தரை சதவீதம், ஐந்து வருடம் என்றால் தவணை வித்தியாசம் மாதம் 7,500 ரூபாய். மாதத்தில் 25 நாளும் ஒரு டன் ஏற்றினாலும் டீசலில் மிஞ்சுவது 3,875தான். டீசலை மட்டும் பார்த்தால் பெரிய வண்டி தன் தவணையைக் கட்டாது.

அப்படியானால் பெரிய வண்டியை ஏன் வாங்குகிறார்கள்? இரண்டாவது நடைக்கு நேரம் இல்லாததால். மீன் மார்க்கெட் விடியற்காலையில் முடிந்துவிடும். ஒன்பது மணிக்கு வரும் இரண்டாவது லோடுக்கு விலை இல்லை. அந்த நாளில் சின்ன வண்டிக்காரர் வெளியே வாடகைக்கு வண்டி பிடிப்பார். அந்த வாடகை 1,500 ரூபாய் என்றால், பெரிய லோடு வரும் நாள் ஒவ்வொன்றிலும் சொந்தப் பெரிய வண்டி 1,390 ரூபாய் காப்பாற்றுகிறது. சின்ன லோடு நாளில் 110 இழக்கிறது. 25 நாளுக்குப் போட்டால், மாதத்தில் ஏழு நாளாவது பெரிய லோடு இருந்தால்தான் 7,500 ரூபாய் தவணையை அது ஈடுகட்டும்.

உங்கள் நோட்டைப் புரட்டுங்கள். 540 கிலோவுக்கு மேல் போன நாள்களைச் சிவப்புப் பேனாவில் வட்டமிடுங்கள். அந்த நாள்களில் இரண்டாவது நடைக்கு நேரம் இருந்ததா என்று பக்கத்தில் எழுதுங்கள். கட்டுமானப் பொருள், தண்ணீர் கேன் மாதிரி நாள் முழுக்க ஓட்டக்கூடிய சரக்கு என்றால் குட்டி யானை போதும், இரண்டு நடை ஓடட்டும். மீன், பூ, பால் என்றால் ஏழு நாள் கணக்கைப் பாருங்கள். வாடகையும் மைலேஜும் உங்கள் எண்ணை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மூன்றாம் நபர் பிரீமியம் 7,500 கிலோ வரை ஒரே கட்டம். 2022 ஜூன் கட்டணப்படி வாடகைச் சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய், குட்டி யானைக்கும் பெரிய பிக்கப்புக்கும் அதேதான். விலைக்குப் பழைய வீடியோவைப் பார்க்காதீர்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது.

படி 5: தெரு

குட்டி யானையின் அகலம் ஒன்றரை மீட்டர், பொலேரோ பிக்கப் 1.7 மீட்டர். இருபது சென்டிமீட்டர் காகிதத்தில் ஒன்றுமில்லை. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில், இரண்டு பக்கமும் பைக் நிற்கும்போது, திரும்புவதற்கும் ரிவர்ஸில் வெளியே வருவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஏஸின் திரும்பும் ஆரம் 4.3 மீட்டர்; பெரிய வண்டிக்கு அதைவிட நிறைய இடம் வேண்டும். டெஸ்ட் டிரைவை ஹைவேயில் முடித்துவிடாமல் உங்கள் குடோன் வாசலுக்கே ஓட்டிப் போங்கள்.

டயர் எதிர்ப்பக்கம் பேசும். ஏஸுக்கு 12 அங்குலம், பொலேரோ பிக்கப்புக்கு 15. மழைக்குப் பின் குழி விழுந்த கிராமச் சாலையில் சின்னச் சக்கரம் குழிக்குள் இறங்கும், பெரியது தாண்டும்.

காலி வண்டியில் டெஸ்ட் டிரைவ் பண்ணுவதில் பயனே இல்லை. பத்து மூட்டை சிமென்டாவது ஏற்றிக் கேப்பர் மலை ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். நம் மாவட்டம் பெரும்பாலும் சமதளம், ஏற்றத்தைச் சோதிக்க அந்த இடம்தான் பக்கம். எடையைக் கேபினை ஒட்டி, பின் அச்சுக்கு முன்னால் வையுங்கள். பின்னால் குவித்தால் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் மிதக்கும்; அதை வண்டியின் குறை என்று நினைத்துவிடுவீர்கள்.

சி.என்.ஜி., பழைய வண்டி

நகருக்குள் மட்டும் குட்டி யானை என்றால் சி.என்.ஜி. நல்ல தேர்வு. ஆனால் சிலிண்டர் எடை பேலோடிலிருந்து போகும்: சூப்பர் கேரி பெட்ரோலில் 740 கிலோ, சி.என்.ஜி.யில் 625. இதிலும் படி 2-ன் கழித்தலைப் போட வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் (நீரழுத்தச் சோதனை) உண்டு.

பழைய வண்டி வாங்கினால், அது மீன் ஓட்டியதா என்று முதலில் பாருங்கள். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தளத்தின் இணைப்பு வழியாக இறங்கி சேஸிஸ், பட்டைக் கொக்கி, பிரேக் பைப் மூன்றையும் தின்றுவிடும். மேலே புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள். படுத்து அடியில் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் சேஸிஸைக் குத்தினால் செதில் உதிர்ந்தால் விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதியும் பாருங்கள்: எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடா வருடம்.

புது வண்டியில் மீன் ஓட்டப் போகிறவர்களிடம், தளத்தில் அலுமினிய ஷீட் அடிக்கச் சொல்லிப் பாடி கட்டுபவர் வற்புறுத்துவார். வேண்டாம். ஷீட்டுக்கு அடியில் உப்புத் தண்ணீர் தேங்கி, கண்ணுக்குத் தெரியாமல் துரு பிடிக்கும். எபாக்சி பெயின்ட் அடித்து, மூலைகளில் வடிகால் துளை போட்டு, மேலே எடுத்துக் கழுவக்கூடிய ரப்பர் மேட் போடுங்கள். ஒவ்வொரு லோடுக்கும் பின் நல்ல தண்ணீரில் தளத்தையும், வாரம் ஒருமுறை வண்டியின் அடியையும் கழுவ வேண்டும்.

கூண்டு கட்டி முடிந்த அன்றே, டேங்க் நிரப்பி, நீங்களும் உதவியாளரும் உட்கார்ந்தபடி எடை மேடையில் ஏறுங்கள். வரும் எண்ணை ஆர்.சி.யின் லேடன் வெயிட்டிலிருந்து கழித்து, விடையைப் பெயின்டால் கேபின் கதவின் உள்பக்கம் எழுதிவிடுங்கள். லோடு ஏற்றும் ஆள் பார்க்க வேண்டிய எண் அது.