மீன் தொட்டிக் குழாய் ஒழுகினால் செய்யக் கூடாதவை

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழுந்துவிடும்: "அண்ணா, டேங்க் நிப்பிள்ல லேசா சொட்டுது, எதைத் தடவினா நிக்கும்?" நிப்பிள் என்பது தொட்டிக் கண்ணாடியின் ஓட்டையில் குழாயை மாட்டும் மரை வைத்த துண்டு. கேட்பவர் கையில் ஏற்கெனவே ஒரு சிலிக்கான் ட்யூப் இருக்கும். முதல்முறை சம்ப் (மீன் தொட்டிக்குக் கீழே ஃபில்டருக்காக வைக்கும் சின்னத் தொட்டி) வைத்த காலத்தில் நாங்கள் எல்லோரும் ஆடிய அதே கூத்துதான். வால்வை மூடாமல் குழாயைக் கழற்றுவது, ஹோஸுக்கு கிளிப் போட மறப்பது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. ஒருமுறை தரை நனைந்தால் அதெல்லாம் தானாக வந்துவிடும்.

சொட்டினால் இறுக்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். நிப்பிளில் ஒரு சொட்டு கண்டதும் பைப் ரெஞ்சை எடுத்து இன்னொரு சுற்று சுற்றுவார்கள். இதைப் பெரும்பாலும் செய்வது வீட்டுக்கு வரும் பிளம்பர். அவர் கை பழகியது மொட்டைமாடி டேங்க் லைனில். 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோ அழுத்தம் தரும். ஒன்றரை அடி உயரத் தொட்டியின் அடியில் அது 0.05 கிலோகூட இல்லை. இவ்வளவு சின்ன அழுத்தத்துக்கே ஒழுகுகிறது என்றால் குறை இறுக்கத்தில் இல்லை, வாஷரில் இருக்கிறது.

அநேகமாக வாஷரை நட் பக்கம் போட்டிருப்பார்கள். அது காலர் (நிப்பிளின் அகன்ற தலை) பக்கம், அதாவது தொட்டிக்கு உள்ளே, காலருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்க வேண்டும். வெளியே நட் பக்கம் போட்டால், தண்ணீர் காலருக்கு அடியில் புகுந்து ஓட்டைக்குள் வந்து, மரை வழியாகவே நட்டைத் தாண்டி வெளியே வரும். நட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் வாஷரால் மரையை அடைக்க முடியாது. எவ்வளவு முறுக்கினாலும் அந்த வழி திறந்தேதான் இருக்கும்.

பெரம்பூரில் ஒரு நண்பர் வீட்டில் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. நிறைத்தால் 250 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். வீடு இரண்டாவது மாடி. "ஒண்ணும் இல்ல சார், ஒரு டைட் குடுத்தா நின்னுடும்" என்று தண்ணீரைக்கூட இறக்காமல் ரெஞ்சைப் போட்டார் வந்தவர். ஓட்டையிலிருந்து கண்ணாடி ஓரம் வரை விரிசல். மீனைப் பிடிப்பதா, பாய் தலையணையைத் தூக்குவதா என்று தெரியாமல் வீடே ஓடியது. கீழ் வீட்டு சீலிங்குக்கு பெயின்ட் அடித்துக் கொடுத்த செலவு தனி. "கண்ணாடி குவாலிட்டி சரியில்ல சார்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நிப்பிளைக் கழற்றிப் பார்த்தேன். வாஷர் புத்தம் புதிதாக, நட் பக்கம்!

செய்ய வேண்டியது இதுதான். தண்ணீரை நிப்பிளுக்குக் கீழே இறக்குங்கள். அடிக்கண்ணாடியில் ஓட்டை என்றால் முழுவதும் காலி செய்யத்தான் வேண்டும். கண்ணாடியில் இருக்கும் மணல், உப்பு, பழைய சிலிக்கானை பிளேடால் சுரண்டுங்கள். வாஷரை வளைத்துப் பாருங்கள், விறைத்திருந்தால் புதிது போடுங்கள். உள்ளே காலரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். இரண்டும் சேர்ந்து சுற்றினால் வாஷர் முறுக்கிக்கொள்ளும். கையால் இறுகிய பிறகு கால் சுற்று, அதோடு நிறுத்திவிடுங்கள்.

வெளியே சிலிக்கான் அப்புவது

தண்ணீர் பின்னாலிருந்து தள்ளும்போது வெளியே ஒட்டியது எத்தனை நாள் நிற்கும்? கண்ணாடியைப் பிடிப்பது போல சிலிக்கான் பிவிசியைப் பிடிக்காது. ஏற்கெனவே காய்ந்த சிலிக்கான் மேல் புதியதும் சரியாக ஒட்டாது. தொட்டியின் கண்ணாடி இணைப்பையே சரிசெய்வதாக இருந்தால் உள்ளிருந்து, பழையதைச் சுரண்டிவிட்டு, ஈரம் துளியும் இல்லாமல் போட வேண்டும். குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள். வினிகர் வாடை இருந்தால் இன்னும் காயவில்லை. பாத்ரூமுக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிக்கான் வேண்டாம், அதில் இருக்கும் மருந்து மீனுக்கு ஆகாது.

எம்-சீல்

இன்று ராத்திரியை ஓட்ட மட்டும்.

சொட்டும் இடத்தைச் சந்தேகிப்பது

தண்ணீர் மேலே ஒழுகி, குழாயோடு இறங்கி, கீழ் எல்போவில் சொட்டும். பாவம், அந்த எல்போவைத்தான் அறுத்து எறிவார்கள். எல்லா இணைப்பையும் துடைத்து ஒவ்வொன்றிலும் டிஷ்யூ பேப்பர் சுற்றிவிட்டு, முதலில் எது நனைகிறது என்று மேலிருந்து பாருங்கள். நம் ஊர் போர் தண்ணீர் இதில் ஒரு உதவி செய்கிறது: பழைய ஒழுகல் என்றால் வெள்ளையாக உப்புத் தடம் விட்டிருக்கும், அதைப் பிடித்து மேலே போனால் இடம் தெரியும். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். சென்னைப் புழுக்கத்தில் குளிர்ந்த குழாய் வியர்க்கும். அது ஒழுகல் இல்லை.

32 எம்எம்மும் ஒரு இஞ்சும் ஒன்று என்று நினைப்பது

ஒரு இஞ்ச் வெள்ளை யுபிவிசி குழாயின் வெளிவிட்டம் 33.4 எம்எம். விவசாயத்துக்குப் போடும் சாம்பல் நிற 32 எம்எம் குழாய்க்கு வெளிவிட்டமே 32தான். அதை ஒரு இஞ்ச் எல்போவில் செருகி, இடைவெளியை சால்வென்ட் ஊற்றி அடைக்கிறார்கள். சால்வென்ட் பிளாஸ்டிக்கை இளக்கி ஒன்றாக்குவது, இடைவெளியை நிரப்பும் பசை இல்லை. அப்படி ஒழுகும் இணைப்புக்கு வெளியே இன்னும் தடவியும் பயனில்லை. அறுத்து, கப்ளர் போட்டு, காய்ந்த குழாயில் புதிதாக ஒட்டுங்கள். பாரிமுனைக்குக் குழாய் வாங்கப் போனால் பழைய துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள், வாயால் சொல்லி வாங்காதீர்கள்.

டெஃப்ளான் டேப்

மரைக்கு மட்டும். இறுக்கும் திசையிலேயே சுற்றுங்கள்.

கரண்ட் போனதும் சம்ப் வழிவது

இதற்கும் ஒழுகல் என்று பெயர் வைத்து இணைப்பையெல்லாம் பிரிப்பார்கள். மோட்டார் நின்றதும் ரிட்டர்ன் குழாயின் (சம்ப்பிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய்) முனை நீருக்குள் இருந்தால் தண்ணீர் சைஃபனாகத் திரும்பி சம்ப்புக்கு வரும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஒரு சின்ன ஓட்டை போட்டால் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வை மட்டும் நம்ப வேண்டாம், அழுக்கு சிக்கினால் மூடாது. அப்புறம், ப்ளக்கை நீங்களே பிடுங்கி, தண்ணீர் எல்லாம் இறங்கிய பிறகு சம்ப்பை விளிம்புக்கு இரண்டு இஞ்ச் கீழே வரை நிரப்புங்கள். மோட்டாரைப் போட்டு மட்டம் நிலையானதும் சம்ப்பில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மோட்டார் ஓடும்போது அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு குவளைகூட ஊற்றக் கூடாது.