மரத்தில் கை வைக்கும் முன்: மெய்நிகர் பின்பால் பெட்டி செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் முதல் பெட்டியின் பக்கப் பலகைகள் இரண்டும் மூன்று கோட்டிங் கறுப்பு பெயின்ட் அடித்து, காய்ந்து, முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்தன. அதற்குப் பிறகுதான் டிவி வந்தது. இரண்டு பேர் பிடித்து மெல்ல இறக்கினோம். இறங்கவில்லை. ஒரு பக்கம் சாய்த்தோம், மறுபக்கம் நெம்பினோம். பெட்டியின் உள் அகலம் 20.5 அங்குலம், டிவி 22-க்குக் கொஞ்சம் குறைவு. நெம்பி என்ன ஆகப்போகிறது?

வேலை தெரியாமல் கெடுவதைவிட வரிசை மாறிக் கெடுவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் அதிகம். பெட்டி கண்ணுக்கு அழகானது, அதனால் கை முதலில் மரத்துக்குப் போகிறது. மரம் கடைசிக்கு முந்தைய வேலை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி. பின்பால் என்பது, சரிவான ஆடுகளத்தில் உருளும் பந்தை ஃபிளிப்பர்கள் என்ற துடுப்புகளால் அடித்து ஆடுவது. மெய்நிகர் பின்பால் பெட்டி என்பது, நிஜ பின்பால் இயந்திரத்தின் உடம்புக்குள் ஆடுகளத்துக்குப் பதிலாக ஒரு டிவியைப் படுக்க வைத்து, மேலே நிற்கும் பெட்டியான பேக்பாக்ஸில் இன்னொரு திரையையும், விருப்பம் இருந்தால் ஸ்கோர் காட்ட மூன்றாவது சின்னத் திரையையும் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டரால் ஓட்டுவது. பட்டன்களும், பந்தை உந்தித் தள்ளும் இழுகம்பியான பிளஞ்சரும் நிஜம். பந்து மட்டும் பொய். பலர் பயன்படுத்தும் மென்பொருள் விஷுவல் பின்பால். 2000-இல் ராண்டி டேவிஸ் வெளியிட்டது. இன்று ஓப்பன் சோர்ஸாக ஆர்வலர்கள் கையில் வளர்கிறது. பழைய இயந்திரங்களின் மூளையான ரோம் (ROM) சிப் நிரலை அதனோடு சேர்ந்து ஓட்டுவது விபின்மாமே.

மேஜையில் ஆடாமல் பெட்டிக்குப் போவது

கம்ப்யூட்டர், டிவி, கீபோர்டு. முதல் மாதத்துக்கு இவை போதும். விஷுவல் பின்பாலில் இரண்டு ஷிப்ட் கீகளும் ஃபிளிப்பர்கள், என்டர் கீ பிளஞ்சர், 5 காசு போட, 1 ஆட்டம் தொடங்க. டிவியை ஒரு மேஜையில் நீளவாக்கில் படுக்க வைத்து, கீபோர்டை முன்னால் வைத்து நின்றுகொண்டே ஆடிப் பாருங்கள். கம்ப்யூட்டரின் வேகம் போதுமா, கிராபிக்ஸ் கார்டு திணறுகிறதா, டிவி தாமதிக்கிறதா, எல்லாம் ஒரு பலகைகூட அறுக்காமல் தெரிந்துவிடும். மூன்று வாரத்தில் உங்களுக்கு இந்த ஆட்டமே அலுத்துப் போகிறதா என்பதும்தான்.

மென்பொருளில் எல்லோரும் விழுகிற குழிகள் சில உண்டு. விண்டோஸின் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் நிறுவினால் அனுமதிச் சிக்கல்கள் வரிசை கட்டி வரும். டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள். ரோம் கோப்பு ஜிப்பாகவே இருக்க வேண்டும், பிரிக்கக் கூடாது. திரையின் ஸ்கேலிங்கை 100 சதவீதத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் பேக்பாக்ஸ் திரையில் வரும் பேக்கிளாஸ் படம் பாதி வெட்டுப்பட்டு எங்கோ நிற்கும். எந்தக் கேபிள் எந்தப் போர்ட் என்று கேபிளிலேயே ஒட்டி எழுதிவிடுங்கள். கழற்றி மாற்றிச் செருகினால் விண்டோஸ் திரைகளின் எண்ணை மாற்றிவிடலாம், ஆடுகளம் பேக்பாக்ஸுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதல் நாளே நானூறு டேபிள் (ஒவ்வோர் ஆட்டத்தின் கோப்பு) இறக்குவதும் வேண்டாத வேலை. பத்தை எடுத்து, ஒவ்வொன்றையும் கேமரா கோணம், ஒலி, பேக்கிளாஸ் என்று முழுதாகச் சரிசெய்யுங்கள். அந்தப் பத்தில் கற்றதுதான் மற்றதற்கெல்லாம்.

திரை அளவும் அகலக் கணக்கும்

டிவியின் அங்குலம் என்பது மூலைவிட்டம். 16:9 திரையில் மூலைவிட்டத்தை 0.87-ஆல் பெருக்கினால் நீளம், 0.49-ஆல் பெருக்கினால் அகலம். 40 அங்குல டிவியின் படப்பரப்பு ஏறத்தாழ 34.9-க்கு 19.6, 43 அங்குலத்துக்கு 37.5-க்கு 21.1. சட்டம் இதற்கு மேல்.

இப்போது நிஜ இயந்திரத்தைப் பாருங்கள். தொண்ணூறுகளின் வில்லியம்ஸ், பாலி இயந்திரங்களில் வழக்கமான பெட்டியின் வெளி அகலம் 22 அங்குலம், உள் அகலம் 20.5, ஆடுகளம் 20.25-க்கு 46. வலையில் கிடைக்கும் வரைபடங்களில் பல இந்த அளவை வைத்தே போட்டவை. ஆகவே 43 அங்குல டிவி அதற்குள் போகவே போகாது. காலுக்குத்தான் செருப்பு. டிவியை முதலில் வாங்கி, ஸ்டாண்டைக் கழற்றி, டேப் வைத்து நீங்களே அளந்து, இருபுறமும் கொஞ்சம் இடம் விட்டுப் பெட்டியின் அகலத்தை முடிவு செய்யுங்கள். விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கும் அளவை நம்ப வேண்டாம். சிலர் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டின் உட்புறத்தில் ரூட்டரால் பள்ளம் எடுத்து இரண்டு பக்கமும் சில மில்லிமீட்டர் சம்பாதிப்பார்கள். அது சரியான வழிதான். டிவியின் உறையையே உரித்துவிடலாம் என்று சிலர் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். இன்றைய டிவிகளில் சட்டம் ஏற்கெனவே மெல்லிசு, உரித்தால் மிஞ்சுவது சொற்பம். பேனலைத் தாங்கிப் பிடிப்பதே அந்தச் சட்டம்தான். பவர் போர்டின் கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பது வேறு.

அகலம் சரியாகிவிட்டது என்று மூச்சு விட வேண்டாம், முன்பக்கம் இன்னொரு சண்டை இருக்கிறது. பிளஞ்சர், இரண்டு பக்கமும் ஃபிளிப்பர் பட்டன்கள், டிவியின் முன்விளிம்பு மூன்றுமே ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. டிவியைக் கண்ணாடிக்கு நெருக்கமாக மேலே வைத்தால் பட்டனின் பின்பக்கம் டிவியின் விளிம்பில் முட்டும். கண்ணாடியின் முன்விளிம்பைப் பிடிக்கும் உலோகப் பட்டையான லாக்பாருக்கு நெருக்கமாக முன்னால் தள்ளினால் பிளஞ்சர் முட்டும். பிளஞ்சரை இழுத்துக் கையை விட்டால், கம்பி தான் ஓய்ந்து நிற்கும் இடத்தைத் தாண்டிச் சற்று உள்ளே பாய்ந்துவிட்டுத்தான் திரும்பும். நிற்கும் நிலையில் அளந்தவர்கள் முதல் ஆட்டத்திலேயே ‘டொக்’ என்ற சத்தத்தைக் கேட்பார்கள். டிவியின் அளவுக்கு அட்டையை வெட்டி, அதே தடிமனுக்கு அடுக்கி ஒட்டி, அதைப் பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். அட்டையில் ஓட்டை விழுந்தால் பரவாயில்லை.

நீளத்தில் கவலை வேண்டாம். டிவி, நிஜ ஆடுகளத்தைவிடக் குட்டைதான். மிச்ச இடத்தை முன்னால் ஒரு ஏப்ரன் பலகை மூடும், அதன் அடியில் பிளஞ்சர் ஒளிந்துகொள்ளும்.

டிவி கடையில் தெரியாத மூன்று விஷயங்கள்

ஒன்று, தாமதம். பட்டனை அழுத்திய கணத்தில் ஃபிளிப்பர் எழ வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் பந்து ரப்பரில் வழுக்கிக்கொண்டு போவதுபோல் கைக்குத் தெரியும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமே 16.7 மில்லிசெகண்டு, 120-இல் 8.3. படத்தை மெருகேற்றும் வசதிகள் எல்லாம் தாமதத்தைக் கூட்டுபவை. கேம் மோடு அவற்றை அணைக்கிறது. அளந்தே பார்த்துவிடலாம். போனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோ மோஷன் வைத்து, விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி படம் பிடியுங்கள். பட்டன் அமுங்கியதிலிருந்து ஃபிளிப்பர் அசையும் வரை ஃபிரேம்களை எண்ணுங்கள். ஒன்றுக்கு 4 மில்லிசெகண்டு சொச்சம். பன்னிரண்டு எண்ணினால் 50 மில்லிசெகண்டு. அமைப்பை ஒவ்வொன்றாக மாற்றி எண்ணினால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

இரண்டு, பார்வைக் கோணம். கடையில் டிவி நேராக நிற்கிறது, நீங்களும் நேரே நிற்கிறீர்கள். பெட்டியிலோ அது படுத்திருக்கிறது, நீங்கள் அதன் ஒரு பக்கவாட்டு முனையிலிருந்து சாய்வாகப் பார்க்கிறீர்கள். எல்சிடி திரைகளில் விஏ வகைப் பேனல்கள் அந்தக் கோணத்தில் வெளுத்துப்போகும். ஐபிஎஸ் வகை தாக்குப்பிடிக்கும். கடையிலேயே டிவியின் இடப்பக்கம் போய் ஒட்டி நின்று பாருங்கள். ஊழியர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

மூன்று, மின்சாரம் வந்ததும் டிவி தானாக எழுமா? பல டிவிகள் ஸ்டாண்ட்பையிலேயே தூங்கும். பெட்டிக்குள் கண்ணாடிக்கு அடியில் புதைந்த டிவிக்கு ஒவ்வொரு முறையும் ரிமோட் தேடுவது என்ன சுகம்? சுவிட்சை அணைத்துப் போட்டு முதலிலேயே சோதியுங்கள். எழாவிட்டால், ரிமோட்டின் வேலையைச் செய்யும் சின்ன ஐஆர் எல்இடி ஒன்றை டிவியின் சென்சாருக்கு முன் ஒட்ட வேண்டியிருக்கும்.

காயில்கள், அல்லது புகை வரும் வழிகள்

ஃபிளிப்பர் அடிக்கும்போது நிஜமாகவே ‘டக்’ என்று கை அதிர வேண்டும் என்று, மின்சாரம் பாய்ந்ததும் உலோகத்தை இழுத்து அடிக்கும் காயில்களான சோலனாய்டுகளையும் கான்டாக்டர்களையும் பொருத்துகிறார்கள். இங்கேதான் பணமும் பொறுமையும் கரைகின்றன.

காயிலில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தினால், அதன் காந்தப்புலம் சரியும்போது எதிர்த்திசையில் பெரிய மின்னழுத்தம் துள்ளும். 24 வோல்ட் காயிலிலிருந்து நூற்றுக்கணக்கான வோல்ட் ஒரு கணம் வரலாம். அதை அடக்க ஒவ்வொரு காயிலின் முனைகளிலேயே ஒரு டயோடு வேண்டும். 1என்4007 போதும், விலை ஒன்றும் இல்லை. டயோடின் கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் மின்சாரம் காயிலைத் தொடாமல் டயோடு வழியே நேராகப் பாயும்; ஃப்யூஸ் போகும், அல்லது போர்டு போகும்.

டயோடு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் இரண்டு வாரம் அனுபவித்தேன். வேகமாக ஃபிளிப்பர் அடித்தால் கம்ப்யூட்டர் ‘டுடுங்’ என்று யுஎஸ்பி கழன்ற சத்தம் போடும், பட்டன்கள் செத்துவிடும், இரண்டு நொடியில் ‘டிடுங்’ என்று உயிர் வரும். கேபிளை மாற்றினேன். ஹப்பை மாற்றினேன். விண்டோஸைக்கூட மறுபடி நிறுவினேன். கடைசியில் இடது காயிலை டார்ச் அடித்துப் பார்த்தால், டயோடின் ஒரு கால் ஈயத்தில் ஒட்டாமல் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிறது. பல நாள் சரியாகவும், சில நாள் கெட்டும் ஓடியதன் மர்மம் அவ்வளவுதான்.

அடுத்தது, மாட்டிக்கொண்ட காயில். 4 ஓம் காயிலில் 24 வோல்ட் கொடுத்தால் 6 ஆம்பியர், 144 வாட். அது நொடியின் ஒரு துளிக்குத் தாங்கும். மென்பொருள் அந்தக் கணத்தில் உறைந்து போனால் காயில் அடுப்பாகிவிடும். ஆகவே காயிலுக்குக் காயில் தனி ஃப்யூஸ் போடுங்கள். பட்டன்களையும் காயில்களையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் போர்டில் ஓடும் பின்ஸ்கேப் போன்ற கன்ட்ரோலர் நிரல்களில், ஒரு காயில் எவ்வளவு நேரம் முழு பலத்தில் இருக்கலாம் என்று எல்லை வைக்கும் வசதி உண்டு. அதையும் போட்டு வையுங்கள்.

இவற்றுக்கான மின்சாரத்தைக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையிலிருந்து உறிஞ்சாதீர்கள், தனி சப்ளை வையுங்கள். போர்டின் கையேடு வேறு மாதிரி சொல்லாதவரை, டிசி பக்கத்து நெகட்டிவ்களை மட்டும் ஒன்றாக இணைக்க வேண்டும். கால்கள், லாக்பார், சைடு ரெயில், காசுக் கதவு என்று கை படும் உலோகம் அத்தனைக்கும் எர்த் கட்டாயம். மெயின்ஸ் வயரிங்கில் சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றும் இல்லை.

என் சொந்தக் கருத்து: முதல் வருடம் காயிலே வாங்காதீர்கள். பெட்டியின் நான்கு மூலைகளிலும், மரத்தையே அதிரவைத்து ஒலி எழுப்பும் எக்ஸைட்டர்களை ஒட்டி, 7.1 சவுண்ட் கார்டு போட்டு, முன் சேனல்களைப் பேக்பாக்ஸ் இசைக்கும் மற்றவற்றை ஆடுகளச் சத்தத்துக்கும் கொடுத்துவிட்டால், பந்து உருள்வதே மரத்தின் வழியாக உள்ளங்கைக்கு வரும். காயிலால் அது முடியாது. இரவில் வீட்டாரும் தூங்கலாம்.

தட்டினால் பந்து நகர வேண்டும்

பெட்டியை இடித்துப் பந்தைத் திசைதிருப்புவது ஆட்டத்தில் பாதி. பின்ஸ்கேப் முதலில் எழுந்தது கேஎல்25இசட் என்ற சின்ன போர்டின் மேல்; அதிலேயே அசைவை உணரும் ஆக்சிலரோமீட்டர் இருக்கிறது. அதை இரண்டுபக்க டேப்பால் ஒட்டுவதும், வயரில் தொங்கவிடுவதும் வழக்கமான தவறு. பெட்டியின் அடிப்பலகையில், தரைக்கு இணையாக, திருகு போட்டு இறுக்குங்கள். சப்வூஃபருக்கும், பெட்டியைக் குலுக்கும் ஷேக்கர் மோட்டாருக்கும் தள்ளியே இருக்கட்டும், இல்லாவிட்டால் இசை அதிரும்போதெல்லாம் பந்து தானாக நடனமாடும். உணர்திறனைக் குறைவாக வைத்துத் தொடங்கி, ஆட ஆட ஏற்றுங்கள்.

சூடு, கதவு, கண்ணாடி

மேலே கண்ணாடி, நடுவே டிவி, உள்ளே கம்ப்யூட்டர்: மூடிய பானைதான். அடியில் காற்று நுழையவும் பின்புறம் மேலே வெளியேறவும் வழி வேண்டும். மெதுவாகச் சுழலும் 120 மில்லிமீட்டர் விசிறி இரண்டு போதும். டிவியைத் திருகு போட்டு இறுக்கிவிடாமல், ஒரே ஆள் தூக்கி நிறுத்தக்கூடிய மாதிரி பின்முனையில் கீல் வையுங்கள். எத்தனை முறை உள்ளே கை விடப்போகிறீர்கள் என்று இப்போது தெரியாது. பேக்பாக்ஸ் தனியாகக் கழல வேண்டும், அதற்குப் போகும் வயர்கள் எல்லாம் கனெக்டரில் முடிய வேண்டும். வாசற்படியின் அகலத்தை இன்றே அளந்துவிடுங்கள்.

கண்ணாடி டெம்பர்டாகத்தான் இருக்க வேண்டும். நிஜ இயந்திரங்களின் வழக்கமான அளவு 21-க்கு 43 அங்குலம்; பெட்டியை அகலமாக்கியவர்கள் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும், டெம்பர் ஆன பிறகு அறுக்க முடியாது. கழற்றினால் டைல்ஸ் தரையில் விளிம்பை ஊன்றி நிறுத்தாதீர்கள். டெம்பர்டு கண்ணாடியின் பலவீனம் விளிம்பில்தான். டைல்ஸ் பட்டால் சில சமயம் மொத்தமும் மணலாகக் கொட்டும். கம்பளமோ அட்டையோ விரித்து வையுங்கள்.

பெயின்டும் ஸ்டிக்கரும் எல்லா ஓட்டையும் போட்ட பிறகு. என் இரண்டாவது பெட்டி ஓடத் தொடங்கி வெகுநாளாகிறது, வலப்பக்கம் இன்னும் வெறும் பிளைவுட்தான். ஃபிளிப்பருக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டன் வேண்டியிருக்குமோ என்று ஒரு சந்தேகம்.