எந்தச் சமுதாயத்துக்குங்க இந்தக் கல்லூரி?

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் சமுதாயக் கல்லூரி சேர்க்கைக்கு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வாங்கி, நிதானமாக முழுவதும் படித்துவிட்டுக் கேட்டார்: "எந்தச் சமுதாயத்துக்குங்க இது?" கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். நம் ஊர்ப் பேச்சில் சமுதாயம் என்றால் சாதி, கம்யூனிட்டி என்றால் தாலுகா ஆபீஸுக்கு அலைந்து வாங்கும் சான்றிதழ், அப்படியிருக்க 'கம்யூனிட்டி காலேஜ்' என்றால் மனிதர் வேறு என்னதான் நினைப்பார்? அதெல்லாம் இல்லை, சுற்றுவட்டாரத்தில் இருக்கிற யாரும் வரலாம் என்று சொன்னதும், "எங்க மருமக பத்தாவது படிச்சிருக்கு, வீட்ல பீடி சுத்துது, அது வரலாமா?" என்றார். தாராளமாக வரலாம். அவளைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடே.

சில வருஷம் இப்படி ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகப் பாடம் எடுத்திருக்கிறேன், சேர்க்கை நேரத்தில் வாசலில் மேசை போட்டும் உட்கார்ந்திருக்கிறேன். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி தவறுகளைத்தான் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது எதற்கு என்று தெரியாமல் சேர்வது. வேலூர்க்காரர்களுக்குக் கல்லூரி என்றாலே 1898-இல் வந்த ஊரீசு கல்லூரி, அப்புறம் விஐடி பல்கலைக்கழகம், இல்லையென்றால் சிஎம்சி மருத்துவக் கல்லூரி, இந்த மூன்றையும் வைத்துத்தான் எதையும் அளப்போம். அந்த அளவுகோலில் சமுதாயக் கல்லூரி எடுபடாது, எடுபட வேண்டியதும் இல்லை. 1995-இல் புதுச்சேரியிலும் 1996-இல் சென்னையிலும் நம் நாட்டின் முதல் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கியபோது சொன்ன நோக்கம் ரொம்ப எளிமையானது: கல்லூரிக் கதவு யாருக்கெல்லாம் மூடியிருக்கிறதோ அவர்களுக்கு முதலிடம், அந்தந்த ஊரில் என்ன வேலை இருக்கிறதோ அதற்கான கைத்திறன், ஏறத்தாழ ஒரு வருஷத்தில் வெளியே போய்ச் சம்பாதிக்கிற நிலை. பிளஸ் டூ தவறியவர், கல்யாணமாகிப் படிப்பை விட்டவர், தோல் பதனிடும் டேனரியில் இருபது வருஷம் நின்று உடம்பு முடியாமல் வேறு தொழில் தேடுகிறவர் எல்லோரும் இங்கே வரலாம். வயது பெரும்பாலும் ஒரு தடையே இல்லை. படிப்புத் தகுதி மட்டும் இடத்துக்கு இடம் மாறும். சில பயிற்சிக்குப் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர்களையே எடுப்பார்கள், பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் திட்டத்தில் பெரிய கல்லூரி வளாகத்துக்குள் நடக்கிற டிப்ளமோவுக்குப் பிளஸ் டூ கேட்பார்கள். கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இதில் ஒரு கிளைத் தவறு உண்டு. அமெரிக்காவில் சொந்தக்காரர் இருந்தாலோ யூடியூப் பார்த்தாலோ வருவது. அங்கே கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படித்து அசோசியேட் பட்டம் வாங்கி, அப்படியே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷத்தில் போய்ச் சேர்கிற வழி இருக்கிறது. பெயரும் யோசனையும் அங்கிருந்து வந்ததால் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, "ரெண்டு வருஷம் கழிச்சு நேரா பிகாம் தேர்ட் இயர்ல போட்ருவாங்களா சார்?" என்று கேட்பார்கள். போட மாட்டார்கள். யுஜிசி திட்டத்தில் ஆறு மாதச் சான்றிதழுக்கு 30 கிரெடிட் (படித்த அளவைக் கணக்கிடும் புள்ளி), ஒரு வருஷ டிப்ளமோவுக்கு 60, இரண்டு வருஷ அட்வான்ஸ்டு டிப்ளமோவுக்கு 120, மூன்றாம் வருஷமும் முடித்தால் 180 கிரெடிட்டோடு பி.வோக். என்ற தொழிற்கல்விப் பட்டம் என்று ஒரு ஏணி இருப்பது உண்மைதான். ஆனால் ஏணியின் மேல்படி நீங்கள் சேர்கிற இடத்தில் இருக்கிறதா, இல்லாவிட்டால் எந்தக் கல்லூரியில் ஏறிக்கொள்ளலாம் என்பதை முதல் நாளே கேட்டாக வேண்டும். பி.வோக். வேறு, பிகாம் வேறு.

அரசு வேலை ஆசை இருக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு வேலைக்குப் பட்டம் கேட்டால் பத்து, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி என்ற வரிசையில் வந்த பட்டத்தைத்தான் கேட்பார்கள். பிளஸ் டூவைத் தாண்டிக் குதித்துத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய டிகிரியோடு போய் நின்று ஏமாந்தவர்கள் ஏராளம். பள்ளியை விட்டு நின்றவராக இருந்தால் ஒரு கையில் தொழில் கற்றுக்கொண்டே இன்னொரு கையில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதுங்கள், இல்லாவிட்டால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதுங்கள். கஷ்டம்தான். ஆனால் இருபத்தெட்டு வயதில் அந்தப் பிளஸ் டூ இல்லாமல் தவிப்பதைவிடக் கஷ்டம் குறைவு.

சரி, இப்போது வேலூரின் தனிச்சொத்தான தவறுக்கு வருவோம். நர்சிங்.

ஆஸ்பத்திரிக்காகவே ஆயிரக்கணக்கான பேர் வெளி மாநிலத்திலிருந்து ரயிலேறி வருகிற ஊர் இது. அதனால் நம் பெண்களில் பாதிப் பேருக்கு வெள்ளைச் சீருடை மேல் ஒரு கண். 'ஒரே வருடத்தில் நர்ஸ் ஆகலாம்' என்று மாடிப்படி ஓரத்தில் போர்டு தொங்கினால் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஒரே வருடத்தில் நர்ஸ் ஆக முடியாது. ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பு இரண்டு வருஷம், ஜி.என்.எம். என்ற செவிலியர் டிப்ளமோ மூன்று வருஷம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருஷம், அதுவும் நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த பள்ளியிலோ கல்லூரியிலோ படித்தால்தான் கவுன்சிலில் பதிவு கிடைக்கும், பதிவு இருந்தால்தான் நர்ஸ். சமுதாயக் கல்லூரியில் ஒரு வருஷம் சொல்லிக்கொடுப்பது உதவியாளர் வேலை: படுத்த நோயாளியைத் திருப்பிப் போடுவது, குளிப்பாட்டுவது, உணவு கொடுப்பது, ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துவைப்பது, முதியவரை வீட்டில் கவனிப்பது. இது கௌரவமான வேலை, ஆளும் தேவைப்படுகிறது, வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்பவருக்கு நல்ல சம்பளம் கொடுக்கிற குடும்பங்களும் உண்டு. ஆனால் இதை நர்சிங் என்று நினைத்துச் சேர்ந்த பெண், படிப்பு முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் உண்மையைத் தெரிந்துகொள்கிறாள் என்றால் அது சொன்னவன் மேல் உள்ள குற்றம், கேட்காமல் விட்ட நம் மேலும் கொஞ்சம் குற்றம். மருந்துக் கடை விஷயமும் இதே கதை. குறைந்தது டி.பார்ம். என்ற மருந்தாளர் டிப்ளமோ, அதுவும் பார்மசி கவுன்சில் ஏற்ற இடத்தில் படித்து முடித்துப் பதிவு செய்தவர்தான் பார்மசிஸ்ட். உதவியாளர் சான்றிதழ் வைத்துக்கொண்டு கவுன்டரில் நிற்கலாம், கடைக்கு லைசென்ஸ் எடுக்க அது உதவாது.

இங்கிருந்துதான் அடுத்த தவறு: சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார் என்று பார்க்காமல் இருப்பது. போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமே இல்லை. போன வருஷம் படித்து முடித்த ஒருவரின் சான்றிதழ் நகலைக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஏதாவது ஒரு மாநிலப் பல்கலைக்கழகம், தன்னாட்சிக் கல்லூரி, மத்திய அரசின் திறன் கவுன்சில் என்று ஒரு பெயர் இருக்கும், அந்தப் பெயரை அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். போலிப் பல்கலைக்கழகங்கள் பட்டியலை யுஜிசியும் வெளியிடுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009-இல் சமுதாயக் கல்லூரித் திட்டம் ஒன்றைத் தொடங்கிச் சில வருஷத்தில் நிறுத்தியும் வைத்துவிட்டது. ஆனால் அப்போது அடித்த பெயர்ப்பலகையை அப்படியே விட்டுவைத்திருக்கிற கட்டடங்களை நானே பார்த்திருக்கிறேன். பெயின்ட் அழியவில்லை என்பதற்காக அனுமதி இருக்கிறது என்று அர்த்தமில்லை.

அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். யுஜிசி 2018-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது: அசலைப் பார்க்கலாம், சரிபார்த்ததும் மாணவரிடமே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. என் சொந்தக்காரப் பையன் ஒருவன் ஒரு பயிற்சி நிலையத்தில் மார்க் ஷீட்டைக் கொடுத்துவிட்டு, படிப்பு பிடிக்காமல் நின்ற பிறகு அதைத் திரும்ப வாங்க ஐந்து மாதம் நடந்தான். மாவட்டப் பெயரைப் பார்த்துச் சிலர் பதறுகிறார்கள். 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்ததால் ஆம்பூர்க்காரரின் பழைய சாதிச் சான்றிதழில் வேலூர் மாவட்டம் என்றும் ஆதாரில் திருப்பத்தூர் என்றும் இருக்கும். அது பெரிய விஷயமே இல்லை. பெயரும் இனிஷியலும் ஆதாரிலும் டிசியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், தொல்லை கொடுப்பது அதுதான்.

என்ன படிப்பது என்பதில் எல்லோருக்கும் கம்ப்யூட்டர் மேல்தான் மோகம். ஒரு வருஷம் சேர்க்கையில் பாதிக்குமேல் டிடிபியும் டேலியும் கேட்டு வந்தார்கள், ஏசி மெக்கானிக்குக்கு ஆறே பேர். வேலூர் வெயிலில் ஏசி மெக்கானிக்குக்கு மார்ச்சிலிருந்து ஜூன் வரை தூங்க நேரம் கிடைக்காது, அது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலைதான் வேலை என்று வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறோம். பழைய வட ஆற்காட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோலும் ஷூவும், ராணிப்பேட்டை சிப்காட்டில் தொழிற்சாலைகள், வேலூரில் ஆஸ்பத்திரிகளும் அவற்றைச் சுற்றி லாட்ஜுகளும் மெஸ்களும். இவற்றில் எதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் படிப்பைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை கிடைத்த மாதிரி.

நான் எடுத்தது வாழ்க்கைத் திறன் வகுப்பு. அதைத்தான் எல்லோரும் கட் அடிப்பார்கள், எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு என்பதை மறைக்கவில்லை. சமுதாயக் கல்லூரிப் படிப்பு என்பது வாழ்க்கைத் திறன், தொழில் திறன், வேலையிடப் பயிற்சி, வேலைக்குத் தயார்படுத்துவது என்று நான்கும் சேர்ந்தது. தொழிலை மட்டும் கற்றுக்கொண்டு மற்றதை விட்டால் வெளியே ஒரு மெக்கானிக்கிடம் கையாளாகச் சேர்ந்ததற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. ஒரு நாள் சம்பளச் சீட்டு எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி, பிடிப்பார்கள், அதே அளவு முதலாளியும் போட வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள், அந்தக் கார்டு இருந்தால் குடும்பத்துக்கே மருத்துவம் கிடைக்கும். மறுநாள் ஒரு பெண் தன் அம்மாவின் சீட்டைக் கொண்டுவந்தாள். அம்மா ஷூ கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். மாதாமாதம் பிஎஃப் என்று பிடித்திருக்கிறார்கள், ஆனால் பிஎஃப் கணக்கைப் பார்க்க யுஏஎன் நம்பர் என்ற ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. மகள் போய்க் கேட்க, கான்ட்ராக்டர் முதலில் முறைத்து, பிறகு இழுத்தடித்து, மூன்றாவது வாரம் நம்பரைக் கொடுத்தார். அந்த வகுப்புக்கு அன்றைக்கு வந்திருந்தவர்கள் பதினோரு பேர், பதிவேட்டில் இருந்தது முப்பத்துநான்கு.

வேலையிடப் பயிற்சியை நான்கே நாளில் விட்டுவிட்டு வருவதும் அடிக்கடி நடக்கும். "பெருக்கச் சொல்றாங்க சார், அப்பர் கட்டு எண்ணச் சொல்றாங்க" என்பார்கள். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். எண்ணச் சொன்னால் எண்ணுங்கள், முதல் வாரம் யாரும் மெஷினைக் கையில் தர மாட்டார்கள். இரண்டாவது வாரமும் பெருக்கத்தான் சொல்கிறார்கள் என்றால் கல்லூரியில் சொல்லுங்கள், வந்து பேச வேண்டியது அவர்கள் பொறுப்பு. நீங்களாக நின்றுவிட்டால் வருகையும் போகும், அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொள்கிற வாய்ப்பும் போகும். என் கண் முன்னால் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோர் பயிற்சி எடுத்த இடத்திலேயேதான் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

மாணவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. நடத்துகிறவர்கள் செய்கிற பெரிய தவறு, ஊருக்குள் இருக்கிற கம்பெனிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பாடத்திட்டம் போடுவது. நாங்களே செய்தோம். வீட்டில் மிதிக்கிற தையல் மெஷினில் ஒரு வருஷம் பழக்கிப் பெண்களை ஆம்பூருக்கு அனுப்பினால், அங்கே தூண் மாதிரி உயர்ந்து நிற்கிற போஸ்ட் பெட் மெஷின், தைக்க வேண்டியது துணி இல்லை தோல், தோலில் ஒருமுறை ஊசி தவறினால் அந்த ஓட்டை ஓட்டைதான். முதல் பேட்ச் திணறிப்போனது. அப்புறம்தான் ஒரு பழைய போஸ்ட் பெட் மெஷினைக் கேட்டு வாங்கிவந்து வைத்தோம். அதனால் நீங்கள் சேரப்போகிற இடத்தில் பட்டறையை ஒருமுறை பார்க்க விடுங்கள் என்று கேளுங்கள், அங்கே இருக்கிற மெஷினும் வேலையிடத்தில் இருக்கிற மெஷினும் ஒன்றுதானா என்று பாருங்கள், பூட்டுப் போட்ட அறையைக் காட்டிச் சாவி இல்லை என்றால் வேறு இடம் தேடுங்கள்.

அரசு உதவித்தொகையை நம்பிச் சேர்கிறவர்கள் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருவது அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்துவிட்டு அங்கீகாரமுள்ள கல்லூரியில் நேரடியாகச் சேர்ந்து படிப்பவர்களுக்கு, தொலைநிலையில் படித்தால் வராது. 'எங்கள் படிப்புக்கு வரும்' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், போன வருஷம் இங்கே யாருக்கு வந்தது என்று கேளுங்கள்.

அந்தப் பெரியவரின் மருமகள் வந்து சேர்ந்தாள். வந்த முதல் நாள் அவள் படிப்பைப் பற்றியோ சான்றிதழைப் பற்றியோ கேட்கவில்லை. சாயங்கால வகுப்பு எத்தனை மணிக்கு முடியும், அதற்கு மேல் பேரணாம்பட்டு பஸ் இருக்கா, லேட் ஆனால் கீழே இறங்குகிற இடத்தில் லைட் எரியுமா என்று கேட்டாள். அத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் அந்த பஸ் நேரத்தைப் பார்த்து வகுப்பு நேரத்தை வைத்ததில்லை. அடுத்த வாரத்திலிருந்து வகுப்பை முக்கால் மணி நேரம் முன்னால் தள்ளினோம்.