பிரேசில் ஆட்டமும் சென்னைக் கடிகாரமும்

2014ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி பிரேசிலில் நடந்தபோது, சென்னையில் இருந்தபடி நேரலையில் பார்க்க விரும்பிய எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது தூக்கமல்ல, தேதிதான். ஜெர்மனியும் பிரேசிலும் மோதிய அரையிறுதி அங்கே ஜூலை 8 மாலை. இங்கே 9ஆம் தேதி அதிகாலை 1.30 மணி. போதாக்குறைக்கு, மனாஸ் நகரின் கடிகாரம் தலைநகர் பிரேசிலியாவைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது என்பதால், எல்லா ஆட்டங்களுக்கும் எட்டரை மணி நேரத்தைக் கூட்டினால் கணக்கு உதைத்தது.

ஆகவே, ஒவ்வோர் ஆட்டத்தையும் மைதானம் இருக்கும் ஊரின் நேர மண்டலத்திலேயே கைபேசி நாட்காட்டியில் பதிந்துவிட்டு, இந்திய நேரத்துக்கு மாற்றும் வேலையை அதனிடமே விட்டேன். மனாஸில் மாலை 6 மணி என்று இட்ட இங்கிலாந்து–இத்தாலி ஆட்டம், ஜூன் 15 அதிகாலை 3.30 என்று சரியாக வந்து நின்றது. 1.30 மணி ஆட்டங்களுக்கு, இரவு உணவை முன்னதாக முடித்து எட்டு மணிக்கே படுத்தேன். 3.30 மணி லீக் ஆட்டங்கள் சிலவற்றை விட்டுவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

இணைய ஒளிபரப்பு தொலைக்காட்சிக்குப் பின்தங்கி ஓடியதால், கோல் விழுவதற்கு முன்பே நண்பர்களின் குறுஞ்செய்தி வந்துவிடும். அறிவிப்புகளை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு மாறியதால், அரையிறுதியின் முதல் 29 நிமிடங்களுக்குள் ஜெர்மனி அடித்த ஐந்து கோல்களையும் யாரும் சொல்லாமல் நானே பார்த்தேன்.