மருந்து அடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

எங்கள் பால்கனிச் செம்பருத்தியில் மொட்டுக் காம்பைச் சுற்றிப் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல வெள்ளையாக ஏதோ இருந்தது. பூஞ்சை என்று நினைத்து இரண்டு வாரம் பூஞ்சை மருந்தாக அடித்தேன். மொட்டெல்லாம் உதிர்ந்தது. அது மாவுப்பூச்சி. குச்சியால் கீறியபோதுதான் பஞ்சுக்குள் இளஞ்சிவப்பாக உடம்பு தெரிந்தது.

சென்னை மாடிகளில் இதுதான் பெரிய தொல்லை. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் வெறும் தண்ணீர் வழுக்கி ஓடிவிடும். முதலில் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் 5 மில்லி வேப்ப எண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசலைக் கலக்கி, அதை 1 லிட்டர் தண்ணீரில் ஊற்றி அடியுங்கள். சோப்பில்லாமல் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும், இலை கருகும். உச்சி வெயிலிலும் வேண்டாம், சாயங்காலம்தான் சரி. ஒரு தடவையோடு விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. முட்டைகள் பிழைத்துப் பொரிக்கும். வாரம் ஒரு முறை, மூன்று வாரமாவது அடிக்க வேண்டும்.

தண்டில் எறும்பு வரிசை ஏறுகிறதா? மாவுப்பூச்சியும், தளிரில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும். எறும்பை விட்டுவைத்தால் பூச்சி திரும்பத் திரும்ப வரும்.

ஒன்றை மட்டும் அவசரப்பட்டு நசுக்காதீர்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்தில் அதைவிடப் பெரிதாக, நீள வெள்ளை இழைகளோடு சுறுசுறுப்பாக ஓடுவது ஒரு வகைப் பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். காப்பிச் செடியின் செதில் பூச்சியை அடக்க 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த வண்டு அது. மாவுப்பூச்சியும் அதன் சாப்பாடுதான்.

கத்திரி வெயிலில் இலை முழுக்க வெளிர்ப் புள்ளி விழுந்தால் தண்ணீர் போதவில்லை என்று தொட்டியை ரொப்பாதீர்கள். இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது செஞ்சிலந்தி. எட்டுக் கால் உள்ளது, பூச்சி இனமே இல்லை. பல பூச்சிமருந்துகள் அதை ஒன்றும் செய்யாது. இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி போய்விடும்.

மண்ணுக்கு மேலே குட்டிக் கறுப்புக் கொசு பறந்தால் தண்ணீரைக் குறையுங்கள், போதும்.

நர்சரியில் வாங்கிய செடியை அன்றைக்கே மற்றவற்றோடு நெருக்கி வைக்காமல் இரண்டு வாரம் தனியே வையுங்கள். எங்கள் மாவுப்பூச்சி வந்ததும் அப்படி வாங்கிய ஒரு குரோட்டன்ஸ் தொட்டியில்தான்.