மேக்னட் பீட்ஸ் வச்சு சாயத்தண்ணிய தெளிய வைக்கறது எப்படி

மேக்னட் இழுக்கற பொடிய பாலிமர் உருண்டைக்குள்ள (அதான் பீட்ஸ்) அடைச்சு, அது சாயத்தப் புடிச்சதும் மேக்னட்டால ஓரமா இழுக்கறது தான் இந்த வேலை. ப்ராஜெக்ட்டுக்கு இந்த டாபிக் எடுக்கிற பசங்க மொதல்ல கேக்கறது உருண்டைக்கு எந்த பாலிமர் நல்லதுன்னு தான், ஆனா அதுக்கு முன்னாடி உங்க சாயம் ப்ளஸ் சார்ஜா மைனஸ் சார்ஜான்னு பாருங்க. மெத்திலீன் புளூ ப்ளஸ், அதனால கடல்பாசில இருந்து வர்ற ஆல்ஜினேட் அதைப் புடிச்சுக்கும், ஏன்னா அது மைனஸ். காங்கோ ரெட், மெத்தில் ஆரஞ்சு எல்லாம் மைனஸ், அதுக்கு கைட்டோசான் தான் சரி, காசிமேட்டுல உரிச்சுப் போடறாங்களே எறா ஓடு, அந்த மாதிரி ஓட்டுல இருந்து எடுக்கறது. இங்க மெத்திலீன் புளூவுக்கு சொல்றேன்.

மொதல்ல மேக்னடைட், மேக்னட் இழுக்கற கருப்பு இரும்பு ஆக்சைடு பொடி. டிஸ்டில்டு வாட்டர் 100 மில்லிய கொதிக்க வச்சு ஆற விடுங்க, உள்ள இருக்கற ஆக்சிஜன் போயிடும். அதுல ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 5.4 கிராம், ஃபெரஸ் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட் 2.8 கிராம் கரைங்க, மோல் கணக்குல 2க்கு 1. 70 டிகிரிக்கு சூடு பண்ணி, கலக்கிக்கிட்டே அமோனியாவ சொட்டு சொட்டா விடுங்க, பிஹெச் 10 வர வரைக்கும். இதை ஃப்யூம் ஹூட்ல தான் பண்ணணும், கண்ணுக்கு கண்ணாடி, கைக்கு கிளவுஸ் ரெண்டும் போட்டுக்கிட்டு. பளிச்சுனு கருப்பா ஒரு பொடி வரும், கணக்குப்படி 2.3 கிராம் கிட்ட.

எனக்கு மொத தடவை கருப்பா வரல, செங்கல் பொடி கலர்ல வந்துச்சு, மேக்னட் வச்சா அசையவே இல்ல. ரெண்டு நாள் அமோனியாவ சந்தேகப்பட்டேன். கடைசில பாத்தா பாட்டில்ல இருந்த ஃபெரஸ் சல்ஃபேட் பழசு, மேல மஞ்சளா பூத்துப் போயிருந்துச்சு. அது இளம்பச்சையா இருந்தா தான் எடுங்க, மஞ்சளோ பழுப்போ தெரிஞ்சா காத்து பட்டு பாதி ஃபெரிக்கா மாறிடுச்சுன்னு அர்த்தம், 2க்கு 1 கணக்கே அடிபட்டுப் போகும்.

பீக்கருக்கு அடியில ஒரு நல்ல நியோடிமியம் மேக்னட்ட வச்சு தண்ணிய மட்டும் சாச்சு ஊத்தி, அமோனியா வாசனை போற வரைக்கும் கழுவுங்க. மேக்னட் தனியா வாங்கணும்னு இல்ல, செத்துப்போன ஹார்ட் டிஸ்க் ஒண்ணு ரிச்சி ஸ்ட்ரீட்ல கெடைச்சா உள்ள இருக்கறதே போதும். பொடிய காய வைக்காதீங்க, காஞ்சா கட்டி கட்டியா ஆயிடும், ஈரமாவே அடுத்த வேலைக்கு எடுத்துக்குங்க.

இப்ப பீட்ஸ். 100 மில்லி தண்ணிய சுத்த விட்டு 2 கிராம் சோடியம் ஆல்ஜினேட்ட தூவுங்க, கேப்பக்கூழுக்கு மாவு கரைக்கற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா, மொத்தமா கொட்டினா கட்டி தட்டிடும். தேன் பதத்துக்கு வந்ததும் மேக்னடைட்ல பாதிய போட்டு நல்லா கலந்து, சிரிஞ்சுல எடுத்து 2 சதவீத கால்சியம் குளோரைடு தண்ணில சொட்டு சொட்டா விடுங்க. ஒவ்வொரு சொட்டும் விழுந்த உடனே உறைஞ்சு கருப்பு ஜவ்வரிசி மாதிரி உருண்டு அடியில உக்காரும், சிரிஞ்சு ரொம்ப கிட்ட இருந்தா வால் வரும், ரொம்ப ஒசரமா இருந்தா தட்டையாகும். ராத்திரி முழுக்க ஊற விட்டு கழுவிடுங்க.

டெஸ்ட்டுக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் மெத்திலீன் புளூ போதும். 100 மில்லில 5 கிராம் ஈர பீட்ஸ் போட்டு ஆட்டி விடுங்க, சாயம் ஜெல்லுக்குள்ள மெதுவா தான் போகும், அதனால சில மணி நேரம் ஆகும். நடுநடுவுல மேக்னட்டால பீட்ஸ ஓரமா இழுத்துட்டு 3 மில்லி எடுத்து ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்ல வச்சு 664 நானோமீட்டர்ல ரீடிங் பாருங்க, ஃபில்டர் பேப்பர் வேணாம், மேக்னடைட் சேக்கறதே இதுக்குத் தான். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல இருந்தா தண்ணி கலந்து குறைச்சுட்டு அளங்க. பக்கத்துல பீட்ஸ் போடாத ஒரு பிளாஸ்க்கும், மேக்னடைட் இல்லாத பீட்ஸ் போட்ட ஒண்ணும் கட்டாயம் வையுங்க, ஏன்னா இந்த சாயம் கண்ணாடி மேலயும் ஒட்டும், வெளிச்சத்துலயும் வெளுக்கும், அத்தனையும் பீட்ஸ் பண்ண வேலைன்னு எழுதிட்டா பொய்க்கணக்கு ஆயிடும்.

இங்க தான் நான் ரொம்ப வலியுறுத்தறது. டிஸ்டில்டு வாட்டர்ல சாயம் எவ்வளவு போச்சுங்கற நம்பர் நல்லா வந்ததும் நிறுத்திடாதீங்க. உங்க வீட்டு போர் தண்ணில அதே சாயத்த கலந்து திரும்ப பண்ணுங்க. உப்புத்தண்ணில இருக்கற கால்சியம், சோடியம் எல்லாம் ப்ளஸ், சாயம் உக்கார வேண்டிய எடத்துல அதுங்க வந்து உக்காந்துக்கும், நம்பர் குறையும். சோடியம் ரொம்ப இருந்தா பீட்ஸே ஊதி கரைய ஆரம்பிக்கும், சோப்புத்தூள்ல பாஸ்ஃபேட் இருந்தா அதுவும் கால்சியத்த உருவிடும். கூவத்துலயோ பக்கிங்ஹாம் கால்வாய்லயோ என்ன ஓடுதோ அதுக்கு கிட்டத்துல இருக்கற தண்ணில வர்ற நம்பர் தான் நம்ம ஊருக்கு உதவும், ரெண்டையும் ரிப்போர்ட்ல போடுங்க. கலர் போச்சுன்னா குடிக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க.

திரும்ப யூஸ் பண்ண 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல கொஞ்ச நேரம் போட்டா நீலம் வெளிய வரும். ரொம்ப நேரம் விட்டா மேக்னடைட்டும் கரையும், அதனால சீக்கிரம் எடுத்து கழுவி, கால்சியம் குளோரைடுல ஒரு தடவை முக்கி வையுங்க. கழுவின நீலத்தண்ணிய சிங்க்ல ஊத்தாம லேப் வேஸ்ட் பாட்டில்ல சேருங்க.